கையுறைக் கண்டெய்னருக்குக் காவல்

துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் காவலாளியாக இருக்கும் மீசைக்காரருக்குக் காலையிலிருந்தே வயிற்றெரிச்சல். அடுத்த ஷிப்டுக்கு வந்து அவரை விடுவிக்க வேண்டிய ஆள் இன்றைக்கும் வரவில்லை. வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்று போனில் கத்தினால், "போனா அப்படியே போயிடு, உன் அடையாள அட்டைய மறந்துடு" என்கிறான் கான்ட்ராக்டர். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவன் வாங்கிப் பூட்டி வைத்த அட்டை. "அந்தக் கண்டெய்னரையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று மனைவியும் போனை வைத்துவிட்டாள்.

கண்டெய்னர் நிறைய ரப்பர் கையுறை. சுங்கத்துறை பிடித்து வைத்த சரக்கு. கதவில் வைத்த சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வந்த சுங்க அதிகாரியம்மாவிடம், "இது என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார்.

"கட்டாய வேலை வாங்கிச் செஞ்சதுங்க. அந்தத் தொழிற்சாலையில ஆளுங்க அட்டையப் பிடுங்கி வெச்சுக்கிட்டு, வீட்டுக்கே விடுறதில்லையாம். அந்த மாதிரி சரக்கு உள்ள வரக் கூடாதுன்னு சட்டம்."

மீசை துடித்தது. "என் கதையும் அதேதாம்மா!" என்று கான்ட்ராக்டரின் வண்டவாளத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

அந்தம்மா பொறுமையாகத்தான் கேட்டார். "பாவம்தான். ஆனா இது வெளிநாட்டுலேர்ந்து வர்ற சரக்குக்கான சட்டம். நீங்க உள்ளூர்தானே?"

பிறகு கண்டெய்னர் கதவின் சீலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை விட்டு எங்கேயும் நகர்ந்துடாதீங்க."