பொன்னுக்கு எதிரே உட்கார்ந்தவள்

ஆசாரியிடம் பொன் கொடுத்தால், கொடுத்தவள் எதிரே உட்கார வேண்டும். உருக்கி, அடித்து, கம்பி இழுத்து, வேலை முடிந்து கையில் வாங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. சின்னக் காஞ்சிபுரத்துப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். ஆனால் அந்த வழக்கத்தைப் பள்ளிக்கூடத்து ரசாயனக் கூடத்துக்குக் கொண்டுபோனவள் வைதேஹி ஒருத்திதான்.

அவள் கணவர் பராங்குசம் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். 1912இல் சீமைப் பத்திரிகை ஒன்றில் ஒரு விஷயம் படித்தார். ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் கலந்து, நெருப்பைக் காட்டாமல், சூடான பொன்வலையின் மேல் செலுத்தினால் இரண்டும் கூடித் தண்ணீராகிவிடுமாம். பொன் மட்டும் குறையாதாம். தானே அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வைதேஹி உடம்பில் போட்டிருந்தது போக, வீட்டில் இருந்த பொன் ஒன்றுதான். பதினோராம் மாதத்தில் ஜுரத்தில் போன குழந்தை ஹயக்ரீவனின் அரைஞாண்.

"உருக்கிட்டா அது அரைஞாண் இல்லையேன்னா."

"பெட்டியிலே இருந்தா மட்டும் அரைஞாணா?"

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்தாள்.

"ஒரு குன்றிமணி எடைகூடக் குறையப்படாது. நான் எதிரே உட்காருவேன். ஆசாரிகிட்டேயும் சரி, உங்ககிட்டேயும் சரி."

குமாரவேல் ஆசாரி மயிரிழையாகக் கம்பி இழுத்து வலை பின்னினார். எடை அறுபத்திரண்டு குன்றிமணி.

சனிக்கிழமை, பையன்கள் இல்லாத நேரம். கூடத்து வேலையாள் துரைக்கண்ணு அவளுக்கு ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டான்.

"ஆசாரி பட்டறைன்னு நெனச்சிக்கினு வந்துட்டீங்களாம்மா?"

"பொன் எங்கே இருக்கோ அதுதாம்பா பட்டறை."

கண்ணாடிக் குழாய்க்குள் வலை. அதன் கீழே சூடான மணல். துத்தநாகத்தில் திராவகம் ஊற்ற, ஹைட்ரஜன் குமிழியிட்டது. பராங்குசம் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பொன்னையே பார்த்தாள். வெகுநேரம் கழித்து, குழாயின் குளிர்ந்த முனையில் மூச்சுப் பட்டதுபோல் ஈரம் படர்ந்தது.

மூன்றாவது சனிக்கிழமை துரைக்கண்ணு ஆக்ஸிஜன் ஜாடியைத் தாமதமாகக் கொண்டுவந்தான். அதுவரை ஹைட்ரஜன் மட்டும் வலைமேல் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு ஈரம் சீக்கிரமே படர்ந்தது.

"முதல்லே அந்த வாயு தனியாப் போச்சே, அதனாலயா?" என்றாள்.

பராங்குசம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு விதமாகவும் நான்கு தரம் செய்து பார்த்தார். அவள் சொன்னது சரி.

"பொன்னோட மேல்தோல் ஹைட்ரஜனைப் பிடிச்சு வெச்சுக்கறது. ஆக்ஸிஜன் வந்ததும் விட்டுக் குடுத்துடறது. அதான் தண்ணி" என்றார்.

"விட்டப்புறம்?"

"பொன் பழைய பொன்னாவே இருக்கும்."

அவள் குனிந்து குழாய்க்குள் இருந்த வலையைப் பார்த்தாள்.

நான்காவது சனிக்கிழமை மணல் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. உள்ளே வாயுக் கலவை பற்றிக்கொண்டு குழாய் வெடித்தது. பராங்குசத்தின் உள்ளங்கை கிழிந்தது. வலை துண்டுதுண்டாகி, கண்ணாடிச் சில்லோடு சில்லாகத் தரையெங்கும் சிதறியது.

வைதேஹி முதலில் முந்தானையைக் கிழித்து அவர் கையைக் கட்டினாள். அப்புறம் குனிந்தாள். ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி, தரையை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் எரித்துச் சாம்பலைப் பொட்டலம் கட்டினாள். பட்டறையில் ஆசாரிகள் செய்வதை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள்.

"வீட்டிலே அழுதுக்கோ, வைதேஹி" என்றார் பராங்குசம்.

"அழலை. கால் வைக்காம அங்கேயே நில்லுங்கோ."

குமாரவேல் ஆசாரி பொறுக்கிய துணுக்குகளையும் சாம்பலையும் சில்லையும் சேர்த்து உருக்கினார். அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியும் கசடும் மேலே ஒதுங்கின. அடியில் தங்கியதைத் தட்டிச் சுத்தம் பண்ணித் தராசில் வைத்தார்.

"அறுபத்திரண்டு. ஒரு மணியும் கொறையலம்மா. இப்ப என்ன பண்ணட்டும்? மறுபடி அரைஞாணா?"

வீட்டில் வேறு குழந்தை இல்லையென்பது அவருக்கும் தெரியும். கேட்டுவிட்டு ஊதுகுழலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். சூடாறாத அந்தப் பொன்னை அவள் சற்றுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வலையாவே பின்னிடுங்கோ."

அடுத்த சனிக்கிழமை துரைக்கண்ணு பயந்துபோய் மணையைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தான். வைதேஹி அதைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.