கேட்டதற்கு மட்டும் பதில்

வலது கையில் சோறு, இடது கையில் ஸ்பேஸ் பார். மதியத்தில் கம்ப்யூட்டர் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் கமலவேணி இந்தக் கோலத்தில்தான் இருப்பாள். ஒரு வாய் சாப்பிடுவாள், இடது கட்டை விரலால் ஒரு தட்டு தட்டுவாள், திரையில் பச்சைக் கோடு நகர்ந்ததா என்று பார்ப்பாள், அப்புறம்தான் அடுத்த வாய். "இன்னா கமலா, சாப்பாட்டு நேரத்துலயும் வேலையா? மெடல் கிடல் குடுக்கப் போறாங்களா?" என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்பார்கள். "இல்ல" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவளிடம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். டைப்பிஸ்ட் வேலை கொடுத்த குணம் அது. தாளில் இருப்பதை அடிக்க வேண்டும், ஒரு கமாவைக்கூடச் சொந்தமாகப் போடக் கூடாது. பெண் பார்க்க வந்தவர்கள் "சமைப்பியாம்மா?" என்று கேட்டபோது "சமைப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றாளாம். என்னென்ன சமைப்பாள் என்பதை அவர்களாகவே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திமிர் பிடித்த பெண் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

குடியாத்தத்தில் நெசவுக் குடும்பம். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு வீட்டில் உலை கொதிப்பது இவள் சம்பளத்தில்தான். தினம் பஸ் ஏறி ஆம்பூருக்கு வந்து இறங்குவாள். எண்பத்தெட்டில் அவள் வேலை பார்த்த தோல் தொழிற்சாலைக்கு மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் வந்தபோது, டைப் அடித்துக்கொண்டிருந்தவளைப் பயிற்சிக்கு அனுப்பி அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூ வைத்துக்கொண்டால் சாவிகளுக்கு நடுவே இதழ் உதிரும் என்று அவள் பூவையும் விட்டாள். வீட்டுத் தறியில் மிஞ்சிய லுங்கித் துண்டில் உறை தைத்து அதற்குப் போர்த்தினாள். இத்தனை விலை கொடுத்து வாங்கிய பொருள் கட்டம் போட்ட லுங்கிக்குள் இருப்பதைப் பார்த்து மேனேஜர் இஷ்தியாக் அகமதுவே சிரித்துவிட்டார். ஒழுங்காக ஓடும் நாளில் அந்த மெஷினை 'அது' என்பாள். மக்கர் பண்ணும் நாளில் 'அவரு' என்பாள்.

அவருக்கு வந்த வியாதி விசித்திரமானது. யாராவது வேலை செய்துகொண்டிருக்கும்வரை ஒரு குறையும் இராது. சும்மா விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது திரை காலையில் ஆரம்பித்தது போல இன்றைய தேதியைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அடித்து வைத்த பேக்கிங் லிஸ்ட் காற்றோடு போயிருக்கும். தினமும் இல்லை, என்றைக்காவது. மெட்ராஸ் இன்ஜினியர் சீனிவாசன் இரண்டு முறை ரயிலேறி வந்தார். மூடியைத் திறந்தார், எதையோ கழற்றி எதையோ மாட்டினார், மேசைக்கு அடியில் இருந்த ஸ்டெபிலைசர் பெட்டியையும் தட்டிப் பார்த்தார். ஏறி இறங்கும் கரண்டைச் சீராக்கி அனுப்பும் பெட்டி அது. அதன் சிவப்பு விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. மெஷினைச் சும்மா விட்டு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தார். அது அணையவே இல்லை. கடைசியில், "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். யாரோ ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனார்.

இஷ்தியாக் அகமது கமலவேணியைக் கூப்பிட்டார். "சாப்பாட்டு நேரத்துல ரூம்ல யாரும்மா இருப்பாங்க?"

"கோவிந்தசாமி சார் இருப்பாரு."

உண்மைதான். கோவிந்தசாமி பேக்கிங் லிஸ்ட் எழுதும் கிளார்க், ஓய்வு பெற இன்னும் சில வருஷம் பாக்கி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கசங்காமல் மாலை வரை இருக்கும். அவர் முத்து முத்தாக எழுதிவந்த லிஸ்டைத்தான் இப்போது மெஷின் அடித்தது. அந்த ஒரு அறையில் ஏசி இருந்ததால் மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்வார். வேலையைப் பறித்த மெஷின், அதோடு தனியாக ஒரு மனிதர். மேனேஜர் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார்.

கமலவேணிக்கு இன்னொன்றும் தெரியும். தொட்டால் ஷாக் அடிக்கும் என்ற பயத்தில் கோவிந்தசாமி மெஷின் பக்கமே போகமாட்டார். நாற்காலியைத் தள்ளிப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

அவரைப் பச்சைத் தோல் கிடங்குக்கு மாற்றினார்கள். உப்பு போட்ட தோல்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும் இடம். கோவிந்தசாமி பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு "சரிங்க சார்" என்றார். செருப்பு மாட்டும்போது கமலவேணியைப் பார்த்து, "ஏசி காத்து எனக்கு ஆவலைம்மா. நல்லதாப் போச்சு" என்றார். திட்டியிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அறைக்குப் பூட்டு. ஒரே சாவி, அது கமலவேணியின் கையில். அடுத்த வாரமே ஒருநாள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். திரை தேதியைக் கேட்டுக்கொண்டு நின்றது.

ஓடிப் போய்ச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் சாவி அவள் கையில் இருக்கிறது. நேற்றுவரை கோவிந்தசாமி என்றால் இன்றைக்கு யார்? அப்பாவின் கண், வீட்டு அடுப்பு, எல்லாம் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தன. மற்றவர்கள் வருவதற்குள் போனதையெல்லாம் மறுபடி அடித்து முடித்தாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டை உள்ளேயே வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். தட்டிக்கொண்டே இருந்தால் அவரு தூங்கமாட்டாரு என்று நம்பினாள். சில நாட்கள் அந்த நம்பிக்கை பலிக்கவும் செய்தது.

"கோவிந்தசாமி போனாரு, பேஜாரும் போச்சு" என்று இஷ்தியாக் அகமது நாலு பேர் எதிரில் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் தன் மௌனம் என்ன செய்துவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. அந்த மனிதர்மேல் விழுந்த பழிக்கு அவளே சாட்சியாகிவிட்டாள். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் கிடங்கு வாசல். வெள்ளைச் சட்டையில் உப்புக்கறை படிந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் தோல்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். கமலவேணி தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள்.

ஒருநாள் காலையிலிருந்தே மின்வெட்டு. தொழிற்சாலை தன் சொந்த ஜெனரேட்டரில் ஓடியது. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வழக்கம்போல, தோலைப் போட்டு மோட்டாரில் சுழலவிடும் பெரிய மரப் பீப்பாய்களை, அங்கே டிரம் என்பார்கள், தொழிலாளிகள் சாப்பாட்டுக்காக நிறுத்தினார்கள். தரையின் அதிர்வு அடங்கியது. தலைக்கு மேலே டியூப்லைட் பளிச்சென்று வெளுத்தது. மேசைக்கு அடியில் ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. கமலவேணியின் விரல் ஸ்பேஸ் பாரில் இருக்கும்போதே திரை கறுத்தது. சற்று நேரத்தில் பெட்டி மறுபடி 'டக்' என்றது. சிவப்பு விளக்கு தானாக எரிந்தது, மெஷின் தானாக எழுந்தது, தேதியைக் கேட்டது.

எச்சில் கையோடு ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஓடினாள். "டிரம் எல்லாம் ஒரே வாட்டியா நின்னா லோடு இருக்காதேம்மா. வோல்ட்டு எகிறும்" என்றார் அங்கிருந்தவர். "ஜாஸ்தி ஆனா உன் பொட்டி கட் பண்ணிக்கும். எறங்கினா வுட்டுடும். நல்ல பொட்டிதான்." கம்ப்யூட்டர் அணைகிற விஷயம் அந்த ஜெனரேட்டர்காரர் காதுக்கு அதுவரை வந்ததே இல்லை. அது சும்மா இருந்ததால் அணையவில்லை, டிரம்கள் சும்மா இருந்ததால் அணைந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் அறையில் ஆள் இருந்ததே இல்லை, கோவிந்தசாமியைத் தவிர. அவரோ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேனேஜரிடம் சொன்னாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். "நான் வந்த ரெண்டு நாளும் லைன்ல கரண்ட் இருந்துச்சு சார். ஜெனரேட்டர் ஓடறப்ப பாக்கவே இல்ல" என்று சீனிவாசனும் ஒப்புக்கொண்டார். இனி டிரம்களை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னால் போதும். மேனேஜர் ஃபைலைக் கையில் எடுத்தார். போகலாம் என்று அர்த்தம்.

கமலவேணி போகவில்லை.

"நீங்க கேக்காத ஒண்ணு சொல்லணும் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பூட்டி வச்சப்பவும் போச்சு சார். கோவிந்தசாமி சார் கெடங்குக்குப் போன அடுத்த வாரமே போச்சு. நான் சொல்லல. திருப்பி அடிச்சு வச்சிட்டேன். அவரு மெஷினத் தொடவே மாட்டாரு சார். ஷாக் அடிக்கும்னு பயம். நீங்க கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"சாவி என் கையில இருந்துச்சு சார்."

இஷ்தியாக் அகமது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். "உன்னை மட்டும் இன்னா சொல்றது? நான் அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டேனா?" என்று எழுந்தவர், ஆள் அனுப்பாமல் தானே உப்புத் தண்ணீரை மிதித்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தார்.

கோவிந்தசாமி பழைய மேசைக்குத் திரும்பினார். வெள்ளைச் சட்டையும் திரும்பியது. ஆனால் மதியத்தில் வெளிப்படிக்கட்டில் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். கமலவேணி மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றினார். நாற்காலியை வாசலோரம் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை முதுகைக் காட்டாமல், மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்தார். டப்பாவைத் திறக்கவில்லை.

அன்றும் மின்வெட்டு, ஜெனரேட்டர்தான் ஓடியது. வெளியே டிரம்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி டிரம் அடங்கும்போது கோவிந்தசாமி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் மல்லாத்தி விரித்து வைத்துக்கொண்டார், எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல. திரை அணையவில்லை. அவர் கைகளை எடுக்கவும் இல்லை.

கமலவேணி ஸ்பேஸ் பாரிலிருந்து விரலை எடுத்தாள். பர்ஸைத் திறந்து அறைச் சாவியை எடுத்து அந்த வலது உள்ளங்கையில் வைத்தாள். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டு, குழாயடிக்கு நடந்தாள்.