குண்டில் எழுதிய பெயர்

அப்பா என் பெயரை ஒரு குண்டில் எழுதி அனுப்பினார். சாக்பீஸால், தமிழில், குண்டு குண்டான எழுத்தில். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில், டிசம்பர் மாதம், கராச்சித் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தப் போன விமானங்களில் ஒன்றில் அது போயிற்று. விமானம் பத்திரமாகத் திரும்பி வந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், பெருமைப்படுகிறாளா வருத்தப்படுகிறாளா என்று. இரண்டும் இல்லை. அந்த இடம் எனக்கு மரத்துப்போய் வெகுகாலம் ஆகிறது.

பெயர் எங்கள் ஊர் அம்மனின் பெயர். காஞ்சிபுரத்தில் அந்தப் பெயர் இல்லாத தெரு கிடையாது. தெருமுனையில் நின்று கூப்பிட்டால் நாலு வாசலில் தலை தெரியும். எங்கள் வகுப்பிலேயே என்னோடு சேர்த்து மூன்று பேர். குட்டை, நெட்டை, கண்ணாடி என்று பிரித்து வைத்திருந்தார்கள். நான் நெட்டை. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை எழுதினதே போதும்.

அப்பா விமானப் படையில் இருந்தார். எங்கள் ஊரில் விமானம் என்றால் முதலில் கருவறைக்கு மேலே இருப்பதுதான். வீட்டுக்காரருக்கு விமானத்தில் வேலை என்று அம்மா சொல்லப்போய், எந்தக் கோயிலில் திருப்பணி என்று ஒரு பெரியவர் விசாரித்தாராம். பறக்கிற விமானம் என்று விளங்கியபிறகு வேறு தொல்லை. அப்படியானால் ஓட்டுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் ஓட்டவில்லை, தரையில் நிற்கிறவர். விமானத்தின் வயிற்றில் குண்டு மாட்டுவது அவருடைய வேலை. லீவில் வரும்போதெல்லாம் பொறுமையாக விளக்குவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேலே இருந்து பார்த்தால் நம் ஊர் தெரியுமா என்பார்கள்.

நானும் அம்மாவும் பிள்ளையார்பாளையத்தில் மாமா வீட்டில் இருந்தோம். மாமாவுக்கு வீட்டோடு இரண்டு தறி. நெய்து தறியிலிருந்து அறுத்த புடவைகளுக்கு முந்தானையில் குஞ்சம் கட்ட ஓர் அம்மாள் வருவார். அவர் வீட்டுக்காரருக்கு வாடகை சைக்கிள் கடை. மகள் என் வகுப்புத் தோழி. வீட்டில் உருது பேசுகிறவர்கள். அவரை நான் காலா என்பேன். அவர்கள் பேச்சில் அம்மாவுடன் பிறந்தவள் என்று அர்த்தம். என் அம்மாவுக்கு உடன்பிறந்த பெண்கள் இல்லாததால் அந்த இடம் காலியாக இருந்தது, அவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

காலாவுக்கு ஓர் அக்கா. எங்கள் வீட்டுக்கே முன்பு குஞ்சம் கட்ட வந்தவராம். கல்யாணமாகி, பம்பாயில் கப்பல் ஏறி, கராச்சிக்குப் போய்விட்டார். அறுபத்தைந்து சண்டைக்குப் பிறகு கடிதம் எப்போதாவதுதான் வரும். காலா குஞ்சம் கட்டிக்கொண்டே அக்காவைப் பற்றிப் பேசுவார். அக்கா கட்டினால் முடிச்சு எங்கே என்று தேடவேண்டும், என்னுடையதைப் பார், எறும்புப் புற்று மாதிரி இருக்கிறது என்பார்.

கராச்சி எரிகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்று எங்கள் தெருவில் தீபாவளிக்கு மிஞ்சிய சரவெடியைக் கொளுத்தினார்கள். கடலோடு ஒட்டித் தாழப் பறந்து, எதிரியின் வாசலுக்கே போய், அவன் எண்ணெயை அவனுக்கே சொக்கப்பனை கொளுத்திவிட்டு வந்தார்கள் என்று டீக்கடையில் ஒருவர், கூடப் போனவர் மாதிரி கையால் பறந்து காட்டினார். நெருப்பு நாள்கணக்கில் அணையவில்லை. எண்ணெய் போனதில் அந்தப் பக்கம் முடங்கிப்போனது, சண்டை அவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிற்பாடு படித்திருக்கிறேன். நம்புகிறேன். துணிச்சல் இல்லாமல் அப்படிப் போய்வர முடியாது என்பதையும் நம்புகிறேன். அந்த வாரம் காலா குஞ்சம் கட்ட வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மகள் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

மாசி மாதம் அப்பா லீவில் வந்தார். வந்த மறுநாள் காலையே கூடம் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் சண்டைக் கதை வேண்டும். அப்பாவுக்குக் கதை சொல்ல வராது. 'மாட்டுனேன். போச்சு. காலியா வந்துச்சு' என்றார். அவர்கள் விடவில்லை. கொஞ்சம் யோசித்து, கூட இருந்தவர்கள் எல்லாம் குண்டின் மேல் ஏதாவது எழுதினார்கள், என் கையிலும் ஒருவன் சாக்பீஸைக் கொடுத்தான், வேறு எதுவும் தோன்றாததால் இந்தப் பெயரை எழுதினேன் என்று சொல்லி, என்னைக் காட்டினார்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. மாமாவின் கூட்டாளி ஒருவர் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மன் பெயர் போயிருக்கிறது, அதனால்தான் அப்படி எரிந்திருக்கிறது என்றார். இல்லை, என் மகள் பெயர் என்று அப்பா சொன்னார். கூட்டாளி சிரித்துவிட்டார்.

'உம் பொண்ணு பேரு யாரு பேருபா?'

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அது யார் பெயர் என்று நான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் அம்மனே போய் எரித்துவிட்டு வந்தாள் என்று ஆகிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தெருக்காரர்கள் சேர்ந்து அபிஷேகம் செய்தார்கள். அப்பாவுக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு நின்ற அப்பா, பரிவட்டத்தோடு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ தவறி வந்துவிட்டவர் மாதிரி விழித்தார். பள்ளிக்கூடத்திலும் என்னை மேடையில் ஏற்றினார்கள். அது எங்கள் பெயரும்தானே என்று குட்டையும் கண்ணாடியும் அழ, தலைமையாசிரியை மூவரையும் ஏற்றிவிட்டார். கைதட்டல். கீழே வரிசையில் காலாவின் மகளும் தட்டினாள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியாக அந்தப் பெயருக்காகச் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

காலா மறுபடி வர ஆரம்பித்தார். அக்காவைப் பற்றி மட்டும் பேசவில்லை. கராச்சிக்குக் கடிதம் போவதே நின்றுபோயிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. என்ன என்று கேட்பது?

அப்புறம் ஒரு வருஷம் கழித்து, சைக்கிள் கடைக்காரரின் பெரியப்பா ஹஜ்ஜுக்குப் போய்வந்தார். ஆற்காட்டிலிருந்து கராச்சிக்குக் குடிபோன ஒருவரை அங்கே பார்த்திருக்கிறார். ஊர்ப் பேச்சு பேசி, உறவு விசாரித்து, சேதி தெரிந்தது. அக்காவின் வீடு துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அந்த டிசம்பரில் குண்டு விழுந்து அந்தச் சந்து எரிந்திருக்கிறது. பிள்ளைகள் தப்பிவிட்டார்கள். அக்கா உள்ளேயே போய்விட்டார். காலா ஒரு வருஷத்துக்கு மேலாக, செத்துப்போனவர் கடிதம் போடுவாரா என்று காத்திருந்திருக்கிறார்.

அப்போது அப்பா மறுபடி லீவில் வந்திருந்தார். சேதி எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. அம்மா துக்கம் கேட்கப் போகலாமா கூடாதா என்று இரண்டு நாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். போவதற்குள் காலாவே வந்துவிட்டார். மத்தியான நேரம். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே மாமா நெய்துகொண்டிருந்தார். காலா எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். மடியில் புடவை இல்லாமல் அவரை அந்த இடத்தில் நான் பார்த்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

அப்பாவைப் பார்த்து, 'அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் குண்டுல எய்தனது அம்மன் பேரா, இந்தப் பொண்ணு பேரா?' என்றார்.

அம்மா முந்திக்கொண்டாள். அம்மன் பெயர்தான், ஊருக்கே தெரியும், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றாள். அப்பாவும் இந்த ஒரு வருஷத்தில் அப்படியே சொல்லப் பழகியிருந்தார். யாராவது கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு அவர் ஆட்டவேண்டும் என்றிருந்தது. இல்லாவிட்டால் காலா இனி என் முகத்தில் விழிக்கமாட்டார், அவர் மகள் என்னோடு பேசமாட்டாள் என்பது ஒன்றுதான் எனக்குப் பயம்.

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

'இவ பேருதாம்மா. சாமிய நான் நெனைக்கவே இல்ல' என்றார்.

உள்ளே தறிச் சத்தம் நின்றது. அந்தச் சந்தில் விழுந்தது எந்த விமானத்தின் குண்டு, யார் மாட்டியது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. இதைச் சொல்லியிருக்கலாம். அப்பா சொல்லவில்லை. காலாவும் கேட்கவில்லை.

காலா தலையாட்டினார். 'நல்லதா போச்சுண்ணா. சாமி பேருன்னா நான் எங்க போயி கேக்கறது? இந்தப் பொண்ணுன்னா எதிர்ல உக்காந்துக்கினு அழுவலாம்.'

சொன்னபடியே செய்தார். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் முன்னால் உட்காரவைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். திட்டவில்லை. அக்காவை அவர்கள் பேச்சில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். பட்டு நூல் அறுத்து அறுத்து அவர் விரல்நுனியெல்லாம் சொரசொரவென்று இருக்கும். எனக்கு அது மட்டும் தெரிந்தது. அழுகை வரவில்லை, பயமும் போய்விட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அன்றிரவு அம்மா அப்பாவைக் கேட்ட கேள்வி கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு பொய்யில் போகவேண்டியதைப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டீர்களே என்றாள். எனக்கு அம்மா கட்சியா அப்பா கட்சியா என்று இத்தனை வயதிலும் தெரியவில்லை.

காலா வழக்கம்போல வந்தார். மகள் வழக்கம்போல என்னோடு பள்ளிக்கூடம் வந்தாள். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. ஒன்றே ஒன்று மாறியது. காலா அதன்பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பேட்டி என்றார், மகளே என்று அர்த்தம். வேலையை முடித்து, புடவையை மடித்து வைத்துவிட்டு, சில நாள் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக்கொள்வார். அக்காவைப் பற்றிப் பேசுவார். சில நாள் அழுவார், சில நாள் சிரிப்பார். நான் உட்கார்ந்திருப்பேன். முதலில் அம்மா ஏதாவது சாக்குச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பிப் பார்த்தாள். நான் வரும்வரை காலா காத்திருந்தார். பிறகு அம்மா விட்டுவிட்டாள்.

டிசம்பர் வந்தால் பள்ளிக்கூடத்தில் அந்தத் தாக்குதலைப் பற்றிப் பேச்சுப் போட்டி. தெருவிலும் யாராவது ஆரம்பிப்பார்கள். அப்பா படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தபிறகு அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு தடவைதான் போனார். 'மாட்டுனேன். போச்சு. காலியா வந்துச்சு' என்று மைக்கிலும் அதையே சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

எழுபத்தொன்பதில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குச் சேலத்தில் வேலை. முகூர்த்தப் புடவையை மாமா நெய்தார். குஞ்சத்தை வேறு யாரும் தொடக்கூடாது என்று காலா சொல்லிவிட்டார். மெதுவாகக் கட்டினார். ஒரு முடிச்சு கூடத் தெரியவில்லை. எறும்புப் புற்றைக் காணோமே என்றேன். சிரித்தார். முடித்து மடித்து என் மடியில் வைத்துவிட்டு, எதிரில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

'நீ போயிட்டா நான் யாரு எதிர்ல உக்கார்றது?' என்றார்.

சேலம் பக்கம்தான், அடிக்கடி வருவேன் என்று ஏதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

'உங்க அம்மன்கிட்டதான் போவணும் போல இருக்குது. உள்ள வுடுவாங்களா?'

வேடிக்கையாகத்தான் கேட்டார், வாயில் சிரிப்பு இருந்தது. என் கையைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை. விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

'என் பேர சொல்லுங்க காலா' என்றேன்.

காலா அந்தப் பெயரைச் சொன்னார், இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை. என்னைக் கூப்பிட்டாரா, அம்மனைக் கூப்பிட்டாரா என்று தெரியவில்லை. வேறு யாரும் பதில் சொல்லாததால், நான்தான் 'ம்' என்றேன்.