வளைகாப்புக்கு ஒரு வரிக்குதிரை கேக்

அந்தக் கேக்கின் படங்கள் இரண்டு எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்று வெட்டுவதற்கு முன்பு எடுத்தது, மற்றது வெட்டிய பின்பு. இரண்டின் மூலையிலும் கேமரா பதித்திருக்கும் தேதி தவறு. வாங்கிய நாளிலிருந்து அப்பா அதில் நாளைத் திருத்தியதே இல்லை. தேதி தெரியாத படத்தை ஆல்பத்தில் ஒட்ட எனக்கு மனம் வராது என்பதால் பலமுறை விசாரித்துவிட்டேன். அம்மா வைகாசி என்பாள். அப்பா, அன்று மழை பெய்தது என்பார். பெங்களூரில் அதை ஒரு சான்றாக ஏற்க முடியாது. கடைசியில் சித்தி மகனின் பிறந்தநாளிலிருந்து பின்னோக்கிப் போனேன். அவன் கார்த்திகையில் பிறந்தவன். வளைகாப்பு நடந்தது ஏழாம் மாதத்தில். ஆடியில் எங்கள் வீடுகளில் அதை வைக்கமாட்டார்கள். ஆகவே ஆவணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெட்ரோ பையப்பனஹள்ளியோடு நின்றுவிடும் காலம் அது.

நாளை இப்படிப் பிடித்துவிட்டேன். அன்று நடந்ததைத்தான் வெகுகாலம் பிடிக்க முடியவில்லை.

சித்தி என் அம்மாவின் ஒரே தங்கை. அவர்களுடைய தாய் முன்பே இறந்துவிட்டதால், வளைகாப்பு முடிந்த கையோடு சித்தியைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டிய தாய்வீடு, அல்சூரில் இருந்த எங்கள் வீடுதான். சித்தியின் மாமியாருக்கு இதில் அரை மனது. அவர்கள் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அடுக்ககத்தில் இருந்தார்கள். “இங்க லிஃப்ட் இருக்கு, கேட்டத் தாண்டினா ஆஸ்பத்திரி இருக்கு. அங்க மாடிப்படி ஏறணுமே” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா எத்தனை தடவை கேட்டாலும் “அன்னிக்குப் பாத்துக்கலாம்மா” என்பதுதான் பதில். நானோ என் அறையில் சித்திக்குக் கட்டில் போடவைத்து, சுவரோரப் பக்கம் யாருக்கு என்பதுவரை முடிவுசெய்திருந்தேன்.

இந்த நிலையில்தான் கேக் வந்தது. சித்தப்பாவின் அலுவலக நண்பர்களும் வருவார்கள், அவர்களுக்காகக் கேக் வெட்ட வேண்டும் என்றார் சித்தப்பா. மாமியார் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். முட்டை கூடாது. கடைக் கலர் கூடாது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் கண்ட சாயத்தைத் தின்னக்கூடாது. “நானே செஞ்சு எடுத்துட்டு வரேன் அத்தை” என்று அம்மா சொல்லிவிட்டாள். மாமியாரின் மனதைக் கரைக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது. அவள் அதுவரை கேக் செய்ததில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெட்டினால் உள்ளே வரிக்குதிரை போல வரிகள் தெரியும் கேக் ஒன்றை அம்மா யூடியூபில் பார்த்திருந்தாள். இரண்டு நிற மாவை மாற்றி மாற்றி ஒரு கரண்டி நடுவில் ஊற்றினால், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வட்டம் வட்டமாகப் பரவும். முதல் முயற்சியில் ஒரு மாவுக்குப் பீட்ரூட் சாறு கலந்தாள். கரண்டியில் இருந்தபோது அப்படியொரு ரோஜா நிறம். அடுப்பிலிருந்து வந்தபோது அது மண் நிறமாகியிருந்தது, கேக்கும் எழும்பவில்லை. மேலே பூசும் கிரீமுக்குப் பாலக்கீரை அரைத்துப் பச்சை ஏற்றினாள். அப்பா விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, “மசியல் நல்லாருக்கு, சர்க்கரைதான் தூக்கல்” என்றார். அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

சனிக்கிழமை தீர்மானங்கள் எடுக்கப்பட்டன. சிவப்பே வேண்டாம். மஞ்சள் பொடி போட்டு மஞ்சள் வரி. மங்கலமாகவும் இருக்கும், மாமியாரும் குறை சொல்ல முடியாது. எழும்பாததற்குச் சோடா கூடுதல். மேலே வெள்ளைக் கிரீம், அதில் பச்சை வளையல்கள். கீரைச் சாற்றை மிகக் கொஞ்சமாக விட்டு, வாசம் தெரியாமல் இருக்க ஏலக்காய் போட்டாள். இம்முறை கேக் பொங்கி எழுந்தது. நடுவில் லேசாக வெடித்தும் இருந்தது, அதைக் கிரீம் மூடிவிட்டது. உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. வரிக்குதிரை கேக்கின் தொல்லையே அதுதான்.

காரில் அதை என் மடியில் வைத்தார்கள். மாரத்தஹள்ளி பாலத்தடியில் வண்டி நின்ற நேரத்தில் வளையல்கள் ஒவ்வொன்றாக வழுக்கத் தொடங்கின. போய்ச் சேரும்போது அவை கேக்கின் ஓரத்தில் சுருண்டு தொங்கின. சித்தப்பாவின் நண்பர் ஒருவர் நெடுநேரம் குனிந்து பார்த்து, “பாகற்காய் டிசைனா ஆன்ட்டி, வித்தியாசமா இருக்கு” என்றார்.

சித்தியை நாற்காலியில் உட்காரவைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசி, முழங்கைவரை கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தார்கள். அசைந்தாலே கலகலவென்றது. மாமியார் அன்று நல்ல மனநிலையில்தான் இருந்தார். அம்மாவிடம், “நாலரைக்குள்ள கிளம்பிடுங்க, அப்புறம் ராகுகாலம்” என்றுகூடச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். கட்டில் உறுதியாகிவிட்டது.

பிறகு சித்தி கேக்கை வெட்டினாள்.

உள்ளே மஞ்சள் இல்லை. வெள்ளை வரிக்குப் பக்கத்தில், இருக்கவேண்டிய மஞ்சளுக்குப் பதிலாக, குங்குமத்தைப் பாலில் கரைத்ததுபோல ஒரு சிவப்பு. மேலும் கீழும் வளைந்து வளைந்து ஓடியது. எனக்கு அது அழகாக இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அவள் அதைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது.

சித்தியின் நாத்தனார் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். அவர்தான் கையைத் தட்டினார். “பாத்தியாம்மா, உள்ள பிங்க். எங்க ஊர்ல இப்படித்தான் சொல்லுவாங்க. நீலம்னா பையன், பிங்க்னா பொண்ணு. அண்ணி, சொல்லவே இல்லையே.”

சிலர் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. “யார் சொன்னாங்க? ஸ்கேன்ல சொன்னாங்களா?” என்றார்.

“அதெல்லாம் சொல்லமாட்டாங்கம்மா, ஜெயில்ல போட்டுருவாங்க” என்றார் சித்தப்பா.

“அப்ப கேக் செஞ்சவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? அக்காவும் தங்கையும் எங்கயோ போய்ப் பாத்திருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல.”

“ஐயோ, அது மஞ்சதான் அத்தை. மஞ்ச கேக்குதான் செஞ்சேன்” என்றாள் அம்மா. எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள். அதில் எங்கே மஞ்சள் இருக்கிறது என்று நானும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி, பெண் என்றால் என்ன, லட்சுமிதானே என்று கன்னடத்தில் சொன்னார். மாமியார் வளையல் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். “அவ எங்கயும் போகவேண்டாம். இங்கயே இருக்கட்டும்.”

ஒரு கேக்கின் நிறம் மாறியதற்கு இத்தனை கோபமா? வளையல் வழுக்கியதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. நான் சித்தியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவளோ கத்தியைக் கையில் பிடித்தபடி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றொரு கை வயிற்றின்மேல் இருந்தது. உதட்டில், யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது வரும் மாதிரி, சின்னதாக ஒரு சிரிப்பு.

மாமியார் ஒரு துணுக்கைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வாயில் போட்டார்.

“மஞ்சப்பொடி எவ்வளவு போட்ட?”

“ரெண்டு ஸ்பூன் அத்தை.”

“சோடா?”

அம்மா தயங்கினாள். “எழும்பலியேன்னு... கொஞ்சம் கூடுதலா.”

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு குலுங்கச் சிரித்தார். “அடிப்பாவி, ஆரத்தியையே கேக்கா சுட்டுட்டு வந்திருக்கியே. மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தா செவக்குதில்ல, சோடாவும் அதே வேலையத்தான் செய்யும். படிச்ச புள்ள, இது தெரியாதா? நான் ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்.”

“நானும்தாம்மா” என்று சித்தப்பாவும் சிரித்தார். அறை முழுவதும் சிரித்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மாமியார் இரண்டு துண்டு சாப்பிட்டார். கசப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. வளையல் தட்டு திரும்பி வந்தது. “கூட்டிட்டுப் போம்மா, நேரமாகுது. நல்லபடியா பேரனோட அனுப்பி வை” என்று அவரே சித்தியின் பையை எடுத்து வாசலில் வைத்தார். வேண்டியது எல்லாம் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. நான் சித்தியின் பக்கம் திரும்பினேன். சிரிக்காமல் இருந்தது அவள் மட்டும்தான்.

காரில் அப்பாவும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்து கேக்கின் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் நானும் சித்தியும். மழை பிடித்திருந்தது. சித்தி என்னைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“உனக்குப் பயமா இருந்துச்சாடி?”

“எதுக்கு சித்தி?”

“செவப்பா இருந்துச்சே, அதுக்கு.”

“இல்லையே. அழகாத்தான் இருந்துச்சு.”

சித்தி என்னை இறுக்கி அணைத்தாள். அத்தனை வளையல்களும் என் கழுத்தில் பதிந்தன. அவள் முதுகு குலுங்கியதில் அழுகிறாள் என்று தெரிந்தது. அம்மா திரும்பிப் பார்த்து, “என்னடி, குமட்டுதா? வண்டிய நிறுத்தச் சொல்லவா?” என்றாள். சித்தி இல்லையென்று தலையசைத்தாள்.

அம்மா கேக்கைச் சொதப்பிவிட்டாள், அதனால் தன் விழா கெட்டுப்போயிற்று என்றுதான் சித்தி அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவளைச் சமாதானப்படுத்தவேண்டியது என் பொறுப்பு. அவள் காதருகே போய்ச் சொன்னேன்: “அழாதீங்க சித்தி. அடுத்த தடவை அம்மாவ நீலமாவே செய்யச் சொல்றேன்.”

சித்தி என் முகத்தைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். சந்தனம் காய்ந்து அவள் கன்னத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“வேணாம்டி” என்றாள்.

அவள் மரியாதைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நீலத்துக்கு எந்தக் காயை அரைக்கலாம் என்று யோசித்தபடியே, தொம்மலூர் வருவதற்குள் அவள் மடியில் தூங்கிப்போனேன்.