ஆராய்ச்சியில் அகப்பட்ட மாப்பிள்ளை

பட்டணத்துக் காலேஜில் நான் மூன்றாம் வருஷம் படித்தபோது, எங்கள் பேராசிரியர் ஆளுக்கொரு சமூகக் கேட்டைப் பங்கிட்டுக் கொடுத்தார். அதை ஆராய்ந்து இருபது பக்கக் கட்டுரை எழுத வேண்டும். ஒருவனுக்குக் கள் கிடைத்தது. இன்னொருவனுக்குக் குதிரைப் பந்தயம். எனக்குப் பால்ய விவாகம்.

“உங்கள் தென்னார்க்காட்டுப் பக்கம் இது இன்னும் உண்டா?” என்று கேட்டார்.

“கேள்விப்பட்டிருக்கிறேன் ஸார்,” என்றேன்.

கேள்விப்படாமல் என்ன? நானே மாப்பிள்ளை. பதினான்கு வயதில், திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் தாய்மாமனின் ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டியவன். அந்தத் தாலியும் நம் மண்ணில் கட்டப்பட்டதல்ல. சர்க்கார் தடைச் சட்டம் போட்டிருந்ததால், வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் பண்ணுவார்கள். அது பிரெஞ்சுக்காரன் ஊர். வெள்ளைக்காரன் சட்டம் வளவனூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். விழுப்புரத்தில் ரயில் ஏறும்போதே நைனா, அதாவது என் அப்பா, எல்லோருக்கும் பாடம் சொல்லிவிட்டார்: யார் கேட்டாலும் கடலில் குளிக்கப் போகிறோம். நாற்பது பேர், பட்டுப்புடவைகள், சாக்கில் கட்டிய தவில் இரண்டு. டிக்கெட் பரிசோதகர் சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா குளிங்க,” என்று வாழ்த்தினார்.

இந்தச் சரித்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு காலேஜ் நூலகத்தில் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். சிறைத்தண்டனை என்ற சொல் கண்ணில் பட்டது. புத்தகத்தை மூடிவிட்டேன். பிறகு சேர்த்திருந்த திருத்தம் ஒன்று, வெளி ராஜ்யத்தில் போய்ச் செய்தாலும் குற்றம்தான் என்றது. இரண்டாம் முறையும் மூடினேன். அன்று ஹாஸ்டலில் சோறு இறங்கவில்லை. சிறையில் கேப்பைக் களி போடுவார்களாமே, பழகிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் துணிந்து முழுதும் படித்தேன். சின்னப் பையன் மாப்பிள்ளைக்குத் தண்டனை இல்லை, கட்டிவைத்த பெரியவர்களுக்குத்தான். திருத்தம் வந்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு. போதாததற்கு, கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுத்தால்தான் வழக்கு. எங்களுக்கோ ஐந்து வருஷம் ஆகிவிட்டது. உடனே சீர்திருத்தவாதியாகி, “இக்கொடுமையை இளைஞர்கள் நெஞ்சுறுதியுடன் எதிர்த்து நிற்க வேண்டும்” என்று முடிவுரையை எழுதிப்போட்டேன்.

அதைப் படித்த பேராசிரியர் நேரில் விசாரித்த சாட்சி ஒன்றாவது வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த சாட்சி ஒருத்திதான். கேள்வித்தாளோடு திண்டிவனத்துக்கு ரயில் ஏறினேன்.

அவளுக்கு அப்போது பதினான்கு. எட்டாம் வகுப்பு. இன்னும் அம்மா வீட்டில்தான் இருந்தாள். அத்தை அடுப்பங்கரையிலிருந்து ஒரு காதை எங்களுக்கென்று ஒதுக்கிவைத்திருக்க, கூடத்தில் விசாரணை நடந்தது.

“கல்யாணத்தப்போ உன் வயசு என்ன?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே மாமா. ஒம்போது. நீங்க பக்கத்துலதான குந்திக்கினு இருந்தீங்க?”

“மாப்பிள்ளையை அதுக்கு முன்னாடி பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேன். எங்க கொல்லையில கொய்யா மரத்துல ஏறிட்டு, எறங்கத் தெரியாம அழுதுக்கினு இருந்தாரு.”

“அதெல்லாம் எழுத முடியாது.”

“நெசத்ததான் எழுதணும்னீங்க?”

அடுப்பங்கரையில் அத்தை இருமினாள். நான் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனேன். “இந்தக் கல்யாணத்தால உனக்கு ஏதாவது பாதகம் உண்டா?”

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“தையில என்னைக் கூட்டிக்கினு போயிடணும்னு உங்க நைனா ஆளனுப்பி இருக்காரு. சர்க்கார் பரீச்சை பங்குனியில. எழுதினாத்தான் டீச்சர் ட்ரெய்னிங் சேர முடியும். எழுதிக்கினீங்களா?”

“எழுதிக்கினேன்.”

“நோட்டுல எழுதிக்கினா ஆச்சா? உங்க நைனாகிட்ட யாரு சொல்றது?”

இது கேள்வித்தாளில் இல்லாத கேள்வி. நானே சொல்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது.

எங்கள் ஊரான விழுப்புரத்துக்குப் போகும் ரயிலில் ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். மயிலம் ஸ்டேஷனில் அது இடி மாதிரி இருந்தது. விக்கிரவாண்டியில் வேண்டுகோளாகிவிட்டது. முண்டியம்பாக்கத்தில் ஒரு வாக்கியம்தான் பாக்கி. விழுப்புரத்தில் இறங்கியபோது ஊமை.

நைனா மல்லாட்டை மண்டியில் மூட்டைக்குள் கைவிட்டு, நாலு நிலக்கடலையை எடுத்து உடைத்துத் தின்று தரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலேஜ் இல்லியா? என்னாடா பண்றே?”

“ஆராய்ச்சி நைனா.”

“எதப் பத்தி?”

“பால்ய விவாகம்.”

வாய்க்குப் போன கை பாதி வழியில் நின்றது. “கல்யாணம் எங்க நடந்துச்சின்னு எழுதிட்டியா?”

நைனாவின் குரலில் நடுக்கம்! அதுவரை நான் அவரிடம் கேட்டறியாதது. என் நடுக்கம் உடனே நின்றது; இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் போலிருக்கிறது.

“பேரெல்லாம் எழுதல. ஆனா சட்டத்த மாத்திட்டாங்க. பாண்டிச்சேரியில போயி பண்ணாலும் குத்தமாம். பெத்தவங்களுக்கு ஜெயிலு.”

“மெதுவா பேசுடா!”

“தையில மேளம் வச்சி அவள கூட்டிக்கினு வந்தா, நாலு பேரு எப்ப கல்யாணம், எங்க கல்யாணம்னு கேப்பான். எங்க வாத்தியாரு வேற நேர்ல வந்து விசாரிக்கறேன்னாரு.”

பேராசிரியருக்கு விழுப்புரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஒரு வருஷக் கெடுவைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

“அந்தாள இங்க வரவுடாதடா. பேஜாரு. எப்ப கூட்டியாந்தா பரவால்ல?”

“பங்குனி போவட்டும் நைனா.”

“பங்குனியா? ரெண்டு வருசம் போவட்டும்! அதுவரிக்கும் அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துலியே இருக்கட்டும். கேட்டா படிக்கிதுன்னு சொல்லிக்கலாம்.”

நான் கேட்டது மூன்று மாதம். பயம் கொடுத்தது இரண்டு வருஷம். முடிவுரையின் நெஞ்சுறுதியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். மதிப்பெண் குறையுமே என்று விட்டுவிட்டேன்.

அவள் பரீட்சை எழுதித் தேறினாள். ட்ரெய்னிங் பள்ளி விண்ணப்பத்தை நானே வாங்கிக்கொண்டு திண்டிவனம் போனேன்.

“நைனாகிட்ட என்னா சொன்னீங்க?”

“பெண் கல்வியின் அவசியத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசினேன்.”

“பொய் சொன்னா உங்களுக்கு மூக்கு வேர்க்கும். இப்ப வேர்க்குது மாமா,” என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

அதில் பாதிக்கு மேல் ஒரு கட்டத்தில், திருமணமானவரானால் எப்போது, எங்கே என்று கேட்டிருந்தது. நான் பதறிப்போய், “அதை வெறுமனே விட்டுடு, யாரும் பாக்கமாட்டாங்க,” என்றேன்.

அவள் நிதானமாக மையைத் தொட்டு, வருஷத்தையும் மாதத்தையும் எழுதினாள். அடுத்த கட்டத்தில் புதுச்சேரி என்று எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. மை காயும்வரை ஊதிவிட்டு, “தபால்ல போட்டுடுங்க,” என்று என்னிடம் நீட்டினாள்.

போட்டேன். கொஞ்சம் தயங்கித்தான் போட்டேன். பத்து நாளில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. போலீஸ் யாரும் வரவில்லை.