நாற்பத்தோரு பேருக்கு ஷார்மேன் கொடுத்த வாக்கு

ஷார்மேனுக்கு எதையும் சின்னதாகச் செய்ய வராது. மலேசியாவில், ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் இருக்கும் அவள் வீட்டில் நாலு பேருக்குச் சோறு வடிக்கச் சொன்னால் பத்துப் பேருக்கு வடிப்பாள். ஈப்போ கல்லூரியில் இதழியல் படித்தபோது இறுதியாண்டுத் திட்டத்துக்கும் அப்படித்தான் தலைப்பு வைத்தாள்: 'பேராக் தோட்டத் தமிழரின் வாழ்வு'. ஐந்து மாதம் சிநேகிதன் நைஜலின் காரில் விற்றுப்போன ஒன்பது பழைய ரப்பர் தோட்டங்களைச் சுற்றி, நாற்பத்தோரு பேரைப் பிடித்துப் பேசினாள். கல்யாணம், கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, ஒன்றையும் விடவில்லை. கிளம்பும்போது ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "உங்க கதை கண்டிப்பா வரும்" என்றும் சொல்லிவைத்தாள். யார் கேட்டார்கள் அந்த வாக்கை?

விரிவுரையாளர் தனேஸ்வரன் கறாரான ஆள். "இருக்கிறது பன்னெண்டு பக்கம். நீ ஒரு லோரி நிறைய கொண்டு வந்திருக்க. ஒரே தோட்டம், மூணு பேரு போதும் லா. மத்தத விட்டுரு. அடுத்த திங்கக்கிழமை கையில வேணும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டால் முப்பத்தெட்டுப் பேர் வெளியே.

"வாட்சாப்ல எல்லாருக்கும் ஒரு சோரி போட்டுட்டு வேலையப் பாரு லா," என்றான் நைஜல்.

அவளுக்கு மனசு வரவில்லை. நேரில் கொடுத்த வாக்கை வாயால் சொல்லியாவது திரும்ப வாங்க வேண்டும் என்று சனிக்கிழமை காலையில் போனை எடுத்தாள். முதல் ஆள் சிரித்தார். ஓர் அக்கா, "என் படத்தையாவது போடேன் லா" என்றார். ஒருவர் பேசாமலேயே வைத்துவிட்டார். ஆறாவது பெயர் சன்னாசி. லூமுட் சாலைத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். அவளுக்காக அரை நாளை ஒதுக்கிப் பேசியவர்.

"தாத்தா, உங்க கதைய போட முடியல. எடமில்ல. மன்னிச்சிருங்க."

"பரவால்ல ம்மா. நீ போன் போட்டாவது சொல்ற. தோட்டத்த வித்தப்ப எங்ககிட்ட ஒருத்தனும் சொல்லல."

"அப்ப எப்படித் தெரிஞ்சுது, தாத்தா?"

ஐந்து மாதத்தில் இதை அவள் ஒருவரிடமும் கேட்டதில்லை.

"விடியக்காலம் பெரட்டுக்குப் போயி வரிசையா நின்னோம். பேரு கூப்பிட்டு வேல பிரிக்கிற கிராணி வரவேயில்ல. பேரு கூப்பிடாம கலையக்கூடாது பாரு, அதனால நின்னுக்கிட்டே இருந்தோம். வெயில் ஏறிருச்சு. அப்புறம் ஒரு லோரிக்காரன் வந்து, வித்தாச்சு, வீட்டுக்குப் போங்கன்னான். அப்பவும் பாதிப் பேரு போகல."

ஷார்மேன் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு, "தாத்தா, உங்க கதை வருது," என்றாள்.

குறைக்க வேண்டியது ஆட்களை அல்ல, கேள்விகளை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏற்கெனவே கூப்பிட்ட ஐந்து பேரையும் மறுபடி கூப்பிட்டாள்; மீதிப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். போனை வைத்தவர் மூன்றாம் தடவைதான் எடுத்தார். கல்யாணம், கோயில், கள்ளுக்கடை எல்லாம் போயிற்று. தோட்டம் விற்றது எப்படித் தெரிந்தது என்ற ஒரே கேள்வி நின்றது. ஆளுக்கு ஐந்தாறு வரி என்றால் நாற்பத்தோரு பேரும் பன்னிரண்டு பக்கத்தில் அடங்கிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாப் பதிலையும் ஒன்றாக வைத்துப் படித்தாள். கடைக்காரர் சொல்லித் தெரிந்தவர்கள் இருந்தார்கள். குழாயில் தண்ணீர் நின்றபோது தெரிந்தவர்கள் இருந்தார்கள். தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்து சொன்னார்கள் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடினாள். நாற்பத்தோரு பேரில் ஒருத்தர்கூட இல்லை.