எகுரு, எகிறு... எங்க சேஷுவோட வார்த்தை

சேஷு போயிட்டா.

காலையில அடையாறுலேருந்து அவ மகன் போன். "ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே..."

சேஷம்மா. மயிலாப்பூர் ஸ்கூல்ல என் பெஞ்ச். ரெண்டாம் உலக யுத்த காலம்... எங்களுக்கு எட்டு வயசு. நெல்லூர்லேருந்து வந்த புதுசு, பாதி தமிழ் பாதி தெலுங்குல பேசுவா.

ஜப்பான்காரன் குண்டு விழும்னு பயந்து ஸ்கூல் மைதானத்துல பதுங்கு குழி வெட்டியிருந்தாங்க. சைரன் ஊதினா உள்ள குதிக்கணும். முதல் ஒத்திகையில எல்லாரும் குதிச்சாச்சு. நான் மட்டும் விளிம்புல... கால் நகரவே மாட்டேங்குது.

கீழேருந்து சேஷு ரெண்டு கையையும் நீட்டினா. "எகுரு மேரி! எகுரு!"

"எகுருன்னா இன்னாடி?"

"குதி! பற! எங்க பாஷைல ரெண்டும் ஒண்ணுதான்!"

நம்பிட்டேன். கண்ணை மூடினேன்... பாவாடைக்குள்ள காத்து புகுந்துது. ஒரு கணம் நிஜமாவே கீழ தரை இல்ல.

நேரா அவ மேல விழுந்தேன். அவ முன்பல் பாதி உடைஞ்சுது. வாயில ரத்தத்தோட சிரிக்கிறா.

பாவாடை கிழிஞ்சதுக்கு அன்னிக்கு அம்மா திட்டினாங்க. எதிர்த்துப் பேசினேன். "இன்னாடி, ரொம்ப எகிறுறே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சேஷுவோட வார்த்தை அம்மாவுக்கு எப்படி?

மறுநாள் சண்டை. எங்க ஊர்லேருந்து வந்ததுன்னு அவ. எங்கம்மா வார்த்தைன்னு நான். அரிசி விலை எகிறிப்போச்சுன்னு மார்க்கெட்ல யாராவது சொன்னாக்கூட, "பாத்தியா, அதுவும் எங்களுதுதான்"ம்பா.

எது முதல்லன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது.

அப்புறம் குண்டு பயத்துல ஊரே காலியாச்சு. அவ அப்பாவும் நெல்லூருக்கே கிளம்பிட்டார். ஜட்கா தெருமுனை திரும்புது, நான் பின்னாடியே ஓடறேன்... ஓடற வண்டியிலேருந்து குதிச்சுட்டா! அவ அப்பா கத்தறார். என்னைக் கட்டிப்பிடிச்சா. திரும்ப ஓடிப்போய் ஏறிக்கிட்டா.

யுத்தம் முடிஞ்சு அவ வந்தப்போ குழியை மூடியிருந்தாங்க. மைதானம் முழுக்க புல்லு. இங்கதான்னு அவ, இல்ல அங்கன்னு நான்... சாயங்காலம் வரைக்கும் தேடினோம். கடல்காத்துல புல்லு அசைஞ்சுக்கிட்டே இருந்துது.

இன்னிக்கு மத்தியானம் அடையாறு போய்ப் பாத்தேன். மூக்குக்கண்ணாடியை மடிச்சுத் தலைமாட்டுல வெச்சிருந்தாங்க. பக்கத்துல உக்காந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

நேரமாச்சுன்னு அவ மகன் வந்து சொல்ற வரைக்கும் விடல.

வரேன்டி சேஷு.